துக்க வீட்டில் சொன்ன 'போயிட்டு வரேன்'

இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றால் உள்ளங்கையில் துருவும் பச்சைப் பெயிண்டும் கலந்த ஒரு வாடை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பாட்டு நேரம்வரை போகாது. ஆவடியில் நாங்கள் குடியிருந்த 'கோட்டர்ஸ்' பெண்கள் எல்லோருடைய கையிலும் அந்த வாடை இருந்தது. காரணம், எங்கள் பக்கத்தில் யாரும் யார் வீட்டிலிருந்தும் சட்டென்று கிளம்பிப் போனதில்லை. எழுந்து நின்று 'அப்ப நான் வரட்டுமா' என்று கேட்பது வெறும் ஆரம்பம்தான். அதற்குப் பிறகு கூடத்தில் கொஞ்சம், வாசற்படியில் கொஞ்சம் என்று நகர்ந்து, கடைசியில் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பேசியதைவிட இரண்டு மடங்கு பேசிவிட்டு, குக்கர் விசில் கேட்டோ தொழிற்சாலைச் சங்கு ஊதியோதான் பிரிவார்கள். உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது வராத ரகசியமெல்லாம் அந்தக் கேட்டருகில்தான் வெளியே வரும் என்பதால் நான் அங்கேயே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏதாவது விளையாடுவதுபோல உட்கார்ந்திருப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர்; அந்த வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வரிசையில் பதினாலு வீடுகள். பதினாலுக்கும் ஒரே அளவு கூடம், ஒரே அளவு சமையலறை, ஒரே பச்சைக் கேட். மரியாதைகள் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு வேறு. கோயம்புத்தூர்க்கார ருக்மணி அக்கா கிளம்பும்போது 'வர்றனுங்க' என்பார். மலையாளத்து லீலாம்மா 'வரட்டே' என்று வாய்க்குள் முணுமுணுத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். திருமுல்லைவாயிலிலிருந்து கீரைக்கூடை சுமந்து வரும் அம்மா 'வர்ட்டாம்மா' என்று தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடப்பார். பூந்தமல்லியிலிருந்து தைத்த துணிகளைக் கொண்டுவரும் தையல்கார பாய் வீட்டு அம்மா மட்டும் 'இன்ஷா அல்லா, வர்றேம்மா' என்று கடவுளையும் சாட்சிக்கு வைத்துக்கொள்வார். வருவதும் வராததும் நம் கையில் மட்டும் இல்லையே என்று அவர் சொன்ன விளக்கம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எந்த ஊர்க்காரரும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் 'போறேன்' என்று ஒற்றையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை, புதிதாகக் குடிவந்த சர்தார் வீட்டு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, பாயசம் சாப்பிட்டு, கை கூப்பிவிட்டு வார்த்தை ஏதும் பேசாமல் விறுவிறுவென்று போய்விட்டார். 'சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாளே, நான் என்ன குறை வச்சேன்' என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். அவருக்குத் தமிழில் பத்து வார்த்தைதான் தெரியும், கை கூப்பியதுதான் அவர் விடைபெற்றது என்று லீலாம்மா எடுத்துச் சொன்னபிறகுதான் சமாதானமானாள். அந்த ஒரு வாரமும் அந்த அம்மா எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சிரித்தார், அம்மா திரும்பிக்கொண்டாள். இரண்டு பேருமே தங்கள் தங்கள் ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் என்பதுதான் வேடிக்கை.

சாப்பிடச் சொன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதிலும் இதே குழப்பம். 'மொதத் தடவ கேட்டா வேண்டாம்னு சொல்லு, ரெண்டாந் தடவயும் வேண்டாம்னு சொல்லு, மூணாந் தடவ கேட்டா வாங்கிக்கோ' என்பது அம்மா போட்ட சட்டம். சர்தார் வீட்டில் இந்தக் கணக்கே வேண்டியதில்லை, கேட்காமலே தட்டில் விழும். லீலாம்மா வீட்டிலோ ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம் என்று நம்பிவிடுவார்கள். அவர்கள் வீட்டு வாழைக்காய் சிப்ஸை அந்தச் சட்டத்தால் நான் எத்தனை முறை இழந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் முழுதாக ஆறவில்லை.

ஆனால் அம்மாவின் சட்டங்களிலேயே தலையாயது விடைபெறுவதுதான். தோழி வீட்டிலிருந்து விளையாட்டு மும்முரத்தில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டால், 'சொல்லாம ஓடியாரதுக்கு நீ என்ன பூனையாட்டி?' என்று அப்படியே திருப்பி அனுப்புவாள். மழையானாலும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். அதோடு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பவர்களையும் அவளுக்குப் பிடிக்காது. என்றோ ஒரு தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லி வராத ஒரு சித்தப்பாவை, 'வாரேன்னா வரணும், இல்லன்னா சொல்லக் கூடாது' என்று வருடக்கணக்கில் சொல்லிக்காட்டினாள். இந்த இரண்டு பாடங்களும் என் நாக்கில் எழுதப்பட்டு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது என்னைக் கொண்டுபோய் ஒரு வம்பில் மாட்டிவிட்டன.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் தனம் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுகிற, கோமதி என்ற என் பெயரைக் 'கோமு' ஆக்கிய அத்தை. திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது, குழந்தையும் இல்லை. அந்தக் கார்த்திகை மாதம் அவருடைய வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து, இரண்டு வாரம் படுத்திருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார்.

சாவு வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. போகும் வழியிலேயே அம்மா நிறைய சொல்லிவைத்தாள். சிரிக்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது, 'வாங்க' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாள். வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் வழக்கப்படி துக்கம் காட்டினார்கள். ருக்மணி அக்கா கட்டிப்பிடித்துச் சத்தமாக அழுதார், லீலாம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை, கூடத்துக்கு வெளியே ஆண்கள் அத்தையின் அண்ணன் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

ஆண்கள் அவரை எடுத்துக்கொண்டு போனபிறகு பெண்கள் எழுந்தார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எல்லோருக்கும் முன்னால் என் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழையில் என்னைத் திருப்பி அனுப்புகிறவள், மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் போகிறாளே என்று வெட்கமாக இருந்தது. அவள் விட்டதை நாமாவது செய்வோம் என்று வாசற்படியிலிருந்து திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில், 'அத்தே, போயிட்டு வரேன்' என்றேன்.

ருக்மணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனவர்களுக்குக் கேட்டிருக்காது. ஏதோ எடுக்கத் திரும்பி வந்த அத்தையின் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. 'யாரு ஊட்டுக் கொழந்த இது, இன்னா பேச்சு பேசுது' என்றார். அத்தை மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று தெரிந்துகொள்வதற்குள் அம்மா என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்பக்கக் குழாயடியில் நிறுத்தித் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாயில் ஓர் அடி கொடுத்தாள். 'சாவு வீட்டுல வாரேன்னா என்ன அர்த்தம் தெரியுமாட்டி? அந்த வீட்டு இன்னொரு சாவுக்கு வாரேன்னு அர்த்தம். இனிமே அந்தப் பக்கம் நீ போகக் கூடாது' என்றாள். அடி வலிக்கவில்லை. அர்த்தம்தான் வலித்தது. ஏனென்றால் அந்த வீட்டில் மிச்சமிருந்தது அத்தை ஒருவர்தான்.

இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. அத்தை செத்துப்போனால் அது என்னால்தான் என்று உறுதியாக நம்பினேன். யாரிடமும் கேட்கவும் முடியாது. யோசித்து யோசித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்: வருகிறேன் என்று சொன்ன சொல் ஒரு கடன் மாதிரி அந்த வீட்டில் நின்றுகொண்டிருக்கிறது, இன்னொரு சாவு வருவதற்குள், யாரும் சாகாத ஒரு சாதாரண நாளில் போய்த் தலையைக் காட்டிவிட்டால் அந்தச் சொல் தீர்ந்துபோகும், பிறகு அதற்கு வேலை இருக்காது. இதைவிடச் சரியான தர்க்கத்தை என் வாழ்நாளில் நான் பிறகு யோசித்ததில்லை.

மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பள்ளி விட்டதும், விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அவருடைய அண்ணனும் அண்ணியும் தங்கியிருந்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சுவரோரம் அத்தைக்கு எதிரே பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். சொல் தீர்ந்தது என்ற நிம்மதியோடு எழுந்தேன். எழுந்த வேகத்தில், எத்தனையோ வருஷம் பழக்கப்பட்ட என் நாக்கு, என்னைக் கேட்காமலே, 'அத்தே, போயிட்டு வரேன்' என்றது.

அவ்வளவுதான். மறுநாளும் போக வேண்டியதாயிற்று. அன்றைக்கு வாயை இறுக்க மூடிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். ஆனால் ஒன்றும் சொல்லாமல் அத்தையின் முன்னாலிருந்து நழுவுவது திருடிவிட்டு ஓடுவது போலிருந்தது. திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்படியே ஐந்து நாள், ஆறு நாள். சொல்லை நான் தீர்க்கப் போவதும், அது புதிதாகப் பிறப்பதுமாக இருந்தது. ஒரு நாள் பள்ளியில் சத்துணவு அறைக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கி, சுற்றிக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'இன்னா கண்ணு, இன்னிக்கி லேட்டு' என்றார். அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் பேசினார். அதற்குப் பிறகு நான் வீட்டுப்பாட நோட்டையும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். பத்தாவது பாஸ் செய்தவர். என் வகுத்தல் கணக்குகளில் மீதி தப்பாக வருவதைத் தலைகீழாகப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வேறு யாரும் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதினால் அது பொய். செய்ய வேண்டியதை எல்லோரும் செய்தார்கள். முதல் நாள் லீலாம்மா கஞ்சி கொண்டுவந்தார், ருக்மணி அக்கா ரசம் சாதம் அனுப்பினார். தையல்கார பாய் வீட்டு அம்மா, துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரிய விடக் கூடாது என்பது தங்கள் வழக்கம் என்று சொல்லி, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து மூன்று நாளும் தூக்குச்சட்டியோடு வந்துபோனார். அதற்குப் பிறகுதான் முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து வாசலை அடைத்துக்கொண்டன. துக்கம் ஒரு தடவைதான் விசாரிக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி ஆகாது. பதினாறாம் நாள்வரை தீட்டு. கார்த்திகை மாதமானதால் நாலு வீட்டு ஆண்கள் மலைக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவர்கள்கூடக் காலையில் அத்தை எதிரே வந்துவிடுவாரோ என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டின் மரியாதை. எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷியைத் தனியே உட்கார வைத்துவிட்டது. கார்த்திகை தீபத்தன்று பதிமூன்று வீட்டு வாசலில் அகல் எரிய, கடைசி வீடு மட்டும் இருட்டாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் என்னால் அப்படியே எடுத்துப் பார்க்க முடிகிறது.

இதற்கிடையில் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, இறந்தவரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம் என்று ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தையின் அண்ணன் அதை மடித்துப் பரணில் போட்டுவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்து தங்கையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது என்பது அவர் முடிவு. அவரும் கெட்டவர் இல்லை. தங்கையைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அவருக்கு.

பத்தாம் நாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடந்தது. 'நான் இங்கியே இருந்து அந்த வேலைக்கிப் போறேண்ணா' என்றார் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் சத்தம் போடவில்லை. சோர்வாகத்தான் சொன்னார். 'யார நம்பிம்மா இங்க கீறேன்ற? புள்ளையா, குட்டியா? ஒரு வாரமா நானும் பாத்துகினுதான் கீறேன். ஒரு ஈ காக்கா இந்த ஊட்டுப் படி மிதிக்கல. மனுசங்களா இவுங்க, ஒரு மருவாதி தெரியாத ஜனங்க. நாளைக்கி உனுக்கு ஒரு தலவலின்னா எட்டிப் பாப்பாங்களா?'

'கோமு வருது' என்றார் அத்தை.

'பச்சக் கொழந்தம்மா அது' என்று அண்ணன் சிரித்தேவிட்டார். அத்தை குனிந்து பென்சிலை எடுத்தார். என் நோட்டில் ஒரு விடையைத் திருத்தினார். திருத்திய விடையும் தப்பாக இருந்தது. அவர் தப்பாகக் கணக்குப் போட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அன்று கேட்டைத் தாண்டும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். என் ரகசியம் வெளிப்பட்டு முதுகு பழுத்தாலும் பரவாயில்லை, வீட்டில் சொல்லிவிடுவது. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒரு வாரமா நான் தினமும் தனம் அத்தை வீட்டுக்குப் போறேன்' என்று ஆரம்பித்தேன். அவள் கை ஓங்கியது. 'வாரேன்னா வரணும்னு நீதான சொன்ன. நான் சொல்லிட்டேன், அதான் போனேன்' என்றேன். ஓங்கிய கை அங்கேயே நின்றது. அந்த இடைவெளியில் அத்தையின் அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

'இன்னொரு தடவ சொல்லு. நம்மள என்னன்னாரு?' என்றாள் அம்மா.

'மருவாதி தெரியாத ஜனங்கன்னாரு.'

அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வசவு உலகத்தில் கிடையாது. முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். 'அவங்க குடும்ப விஷயம், நீ போய் எதுவும் பேசாத' என்று அப்பா சொன்னார். 'மருவாதின்னு நெனச்சுதான போகாம இருந்தேன்' என்று அவள் அப்பாவுக்கு இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டாள். என்னை அவள் அடிக்கவில்லை என்பதை நான் தூங்கப்போகும்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்து, நெற்றியில் எப்போதும்போல் பெரிய குங்குமத்தோடு தயாராக இருந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும், 'நீ போற நேரந்தான? வா' என்றாள். வரிசை நெடுக நடந்தோம். ருக்மணி அக்கா கேட்டருகே நின்றுகொண்டு, 'அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க' என்று பதறினார். 'தெரியும்' என்று அம்மா நடந்துகொண்டே சொன்னாள்.

அத்தை வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா போய் அத்தைக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள். 'தனம், தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி தா' என்றாள். தீட்டு வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே அம்மா. அத்தை செம்பைக் கொண்டுவந்தார். அம்மா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: 'அண்ணாச்சி, இங்க நாங்க பதிமூணு வீடு இருக்கோம். வராம இருந்தது எங்க ஊரு முறைன்னு இருந்தோம். பாத்தவங்களுக்கு அது மருவாதி இல்லன்னு பட்டிருக்கு. தப்பு எங்க மேலதான். இனிமே அந்தத் தப்பு நடக்காது. உங்க தங்கச்சிய நீங்க கூட்டிட்டுப் போறதும் விடுறதும் அவ இஷ்டம். ஆனா ஆள் இல்லன்னு மட்டும் கூட்டிட்டுப் போவாதிய.'

அண்ணன் 'அது இல்லம்மா' என்று இழுத்தார். அம்மா காத்திருக்கவில்லை, எழுந்தாள். வாசற்படியில் நின்றாள். நான் நின்று திரும்பிய அதே இடம். அங்கிருந்து திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, 'தனம், நான் போயிட்டு வாரேன்' என்றாள்.

எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அத்தை எழுந்து வாசலுக்கு வந்தார். கணவர் போனதிலிருந்து அவர் வாசலுக்கு வந்தது அதுதான் முதல். 'போயிட்டு வாங்கக்கா' என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். அம்மாவும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் சொன்னது தப்பில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டதில் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா மறுபடி போனாள். பின்னாலேயே லீலாம்மா வந்தார். பரணிலிருந்த விண்ணப்பத்தை இறக்கி, அழகான ஆங்கிலக் கையெழுத்தில் அவரே நிரப்பிக்கொடுத்தார். சர்தார் வீட்டு அம்மா ஒரு தட்டு ரொட்டியோடு வந்து, பேச வார்த்தை இல்லாமல் அத்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மாலை போட்ட வீட்டுப் பெண்கள் உள்ளே வரவில்லை. அவர்கள் முறையை அவர்கள் விடவில்லை. ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று மணிக்கணக்காகப் பேசினார்கள், அத்தை கேட்டுக்கு உள்ளே நின்று பதில் சொன்னார். அன்று மாலை என் சடையைப் பின்னிவிட்டபோது அவர் கையில் அந்தத் துரு வாடை இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் ஊருக்குக் கிளம்பினார். தங்கை இல்லாமல்தான் கிளம்பினார். எங்கள் கேட்டருகே வந்து நின்று, அதைப் பிடித்துக்கொண்டு, 'வர்ட்டாம்மா, பாத்துக்கங்க' என்றார். பிறகும் போகாமல் வெகுநேரம் நின்றார். எங்கள் ஊர் வழக்கம் அவருக்கும் வந்துவிட்டது.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை; அடுத்த ஆடி மாதம்தான் உத்தரவு வந்தது. ஒவ்வொரு முறை அத்தை அலுவலகத்துக்குப் போகும்போதும் அம்மா கூடவே போனாள். அத்தை குடையும் டிபன்பாக்ஸுமாக வேலைக்குப் போக ஆரம்பித்தபிறகும், காலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சுற்றிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கத்தான் செய்தார்கள். அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். என் முழுப் பரீட்சை நாட்களில் எல்லோரும் பார்க்க என்னைக் கேட்டருகே நிறுத்திவைத்து, அத்தை எதிரே வந்தபிறகுதான் 'இப்பப் போ' என்று அனுப்பினாள். கணக்கில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கினேன். அதற்கு அத்தை பொறுப்பில்லை.

அம்மா தன் முறைகளை விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கடைசிவரை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவைதான் காப்பி வாங்கிக் குடித்தாள். மற்றத் துக்க வீடுகளிலிருந்து சொல்லாமல்தான் வந்தாள். ஒரு முறை யாரைக் காப்பாற்றுகிறது, யாரைத் தனியே விடுகிறது என்று பார்க்கத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் மரியாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்தக் 'கோட்டர்ஸ்' வரிசையில் இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சுவர்களில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பச்சைக் கேட்டுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இப்போது இருப்பது திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. இங்கே பிடித்துக்கொண்டு நின்று பேச ஒன்றும் இல்லை. 'அப்ப நான்' என்று ஆரம்பிப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது. யாராவது இறந்தால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கை கூப்பிய படங்கள் வரிசையாக வருகின்றன. சர்தார் வீட்டு அம்மாவின் கும்பிடு ஞாபகம் வரும். அவர் கும்பிட்ட பிறகும் தட்டோடு நேரில் வந்தவர்.

போன வருஷம் அம்மா இறந்தபோது அந்தப் படங்கள் எனக்கும் வந்தன. நேரில் வந்தவர்கள் முறை தெரிந்தவர்கள். பேசாமல் வந்தார்கள், பேசாமல் போனார்கள். தனம் அத்தை பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்திருந்தார். தொழிற்சாலையிலேயே வேலை செய்து ஓய்வுபெற்று, அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்; அறுபத்தைந்தைத் தாண்டியாயிற்று, முழங்கால் வலி. அம்மாவை எடுத்துக்கொண்டு போனபிறகு, ஈரத்தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வாசல்வரை போனவர் நின்றார். திரும்பினார். 'கோமு, நான் போயிட்டு வரேன்' என்றார். என் கணவருடைய சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

மறுநாள் வீடு காலியாக இருந்தது. எல்லோரும் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயாயிற்று, இனி யாரும் வர வேண்டிய கடமை இல்லை. நான் கூடத்தில் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குக் காலிங் பெல் அடித்தது. துக்க வீட்டில் யாரையும் வா என்று சொல்லக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கதவைத் திறந்து, 'வாங்க அத்தே' என்றேன்.